மீசை வைத்த லாவினியா

பக்கத்து வீட்டு லாவினியா ஸ்ட்ராட் நிம்மதியாக உட்கார்ந்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. படம் வரைவதும் நின்றபடிதான். பிலடெல்பியாவிலிருந்து வரும் மீன்பிடிப் பத்திரிகைக்கு அட்டைப்படம் அவளுடையது. 'எல். ஸ்ட்ராட்' என்று கையெழுத்துப் போடுவாள். வாசகர்கள் அவளை ஆண் என்றே நினைத்து, "ஸ்ட்ராட் ஐயா" என்று கடிதம் எழுதுவார்கள்.

ஒருநாள் பத்திரிகை ஆசிரியர் ஹார்ட்ஸாக் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆண்டுமலருக்கு அவள் தன்னையே வரைந்து தர வேண்டுமாம்.

"மீசையும் புகைக்குழாயுமா வரையணுமாம்டி, டெல்லா!" என்று என் சமையலறைக்குள் பாய்ந்தாள். நான் காபி ஊற்றுவதற்குள் போய்விட்டாள். உடனே திரும்பி வந்தாள். "மாட்டேன்னா வேலை போயிரும். நீயே சொல்லு." நான் வாய் திறக்குமுன் மறுபடி காணோம்.

வாரம் முழுக்க வரைந்தாள், சுரண்டினாள். அடுப்பில் உருளைக்கிழங்கு கருகியது. கடைசியில் கரியால் தனக்கே மீசை தீட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, ஐஸ்கட்டி கொண்டுவரும் கிளெம் உள்ளே வந்துவிட்டார்.

"அம்மா... உதட்டுக்கு மேல..."

பதறிப்போய் துடைத்தாள். பாதிதான் போயிற்று.

"இப்ப இன்னும் மோசமா இருக்கும்மா!"

அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு நான் வேலி தாண்டி அவள் வீட்டுக்கு ஓடினேன்.

அதையே வரைந்தாள். ஏப்ரனோடு, அரை மீசையோடு அவள்; கண்ணாடிக்குள்ளோ புகைக்குழாயும் முழு மீசையுமாக ஒரு கனவான். அனுப்பிவிட்டு, தொலைபேசியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மலர் வந்தது. படத்தின் கீழே ஆசிரியர் போட்டிருந்தார்: 'நம் ஓவியரைப் போல் நடித்துக் காட்டும் அவர் மனைவி.'

"கல்யாணமே ஆகலைடி எனக்கு! புருஷன் எங்கேர்ந்து வந்தான்?"

அடுத்த அட்டைப்படத்தில் பெரிய மீன் ஒன்று துள்ளியது. அதன் வயிற்றுச் செதில்களுக்கு நடுவே 'லாவினியா ஸ்ட்ராட்' என்று முழுப்பெயர். பெயரை வெட்டினால் மீனையும் வெட்ட வேண்டும். வேறு படத்துக்கு நேரமில்லாமல் ஹார்ட்ஸாக் அப்படியே அச்சிட்டார். சந்தாவை நிறுத்துவதாகச் சிலர் எழுதினார்கள். வேலை போகவில்லை.

"இப்பவாவது உக்காரேன்டி," என்றேன்.

"உக்காரலாம். அடுத்த படத்துக்குத் தேதி சொல்லிட்டாரே," என்று வாசல்படி இறங்கினாள்.