அத்தையின் மரத்த விரல்கள்

நான் வெளிநாடு கிளம்பிய திங்கட்கிழமை காலையில்தான் அத்தைக்கு மணிக்கட்டில் வெட்டுப்பட்டது. என் பையின் வாரைத் தைத்துக் கொடுத்துவிட்டு, காற்றுக்காகத் தையல்கடை ஜன்னலைத் தள்ளினாள். விரிசல் விட்டிருந்த கண்ணாடி கையில் சரிந்தது. வெட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு, "நீ கிளம்பு. எனக்கு உங்க மாமா இருக்காரு. உனக்காக ரயில் நிக்காது," என்றாள்.

மீதியை அத்தையும் மாமாவும் மாறி மாறிப் போனில் சொன்னார்கள்.

அறுந்த நரம்பை டாக்டரம்மா தைத்துவிட்டார். ஆனால் வலது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்தே கிடந்தன. அவை இல்லாமல் ஊசி பிடிப்பது எப்படி? கட்டுப் பிரித்த அன்று அத்தை கேட்டாள்: "தையல் போட்டாச்சுல்ல? நான் தைச்சுக் கொடுத்தா அன்னைக்கே போட்டுக்கிட்டுப் போறாங்களே."

"நான் தைச்சது நரம்போட உறையை மட்டும்தாம்மா. உள்ள இருக்கிற இழை விரல் வரைக்கும் புதுசா வளரணும். வழியெல்லாம் செல்கள் மேல சர்க்கரைச் சங்கிலிங்க இருக்கு. சிலது 'இப்படி வா'ங்கும், சிலது 'அங்கேயே நில்லு'ங்கும். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் இழை நகரும்."

"துணியில போடுற சாக்பீஸ் கோடு மாதிரி. அப்ப கவலையில்ல, வந்துரும்," என்றாள் அத்தை.

மாமாவுக்குக் கோடு பிடிபடவில்லை, சர்க்கரை பிடிபட்டது. அன்று முதல் அவர் அத்தைக்குப் போடும் டீயெல்லாம் பாகாக இனித்தது. ஏற்கெனவே எல்லையில் நின்ற அத்தையின் ரத்தச் சர்க்கரை அடுத்த பரிசோதனையில் அதைத் தாண்டிவிட்டது.

"அந்தச் சங்கிலியை உடம்பே கட்டிக்கும் சார். ரத்தத்துல சர்க்கரை ஏறினா நரம்புக்குத்தான் கேடு," என்றார் டாக்டரம்மா.

"என்னை ஜாம் பாட்டில் ஆக்கிட்டீங்களே," என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள் அத்தை, வீடு திரும்பும் வழியெல்லாம்.

தினமும் கண்ணை மூடிக்கொண்டு, மாமா நீட்டும் துணியை அந்த விரல்களால் தடவிப் பெயர் சொல்வாள். சாக்குத் துணியை வெல்வெட் என்றாள். மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மிஷினை வித்துடலாமா?"

"முதல்ல உங்களை விக்கிறேன். யாரும் வாங்கலைன்னா மிஷினைப் பத்திப் பேசுவோம்."

இடது கையால் பட்டன் தைக்கப் பழகினாள். கோணலாகத்தான் வந்தது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

மாதங்கள் கடந்து, பல ஊர் மாறி, மழை ஒழுகும் ஒரு ரயில் நிலையத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது அத்தையின் செய்தி வந்தது:

"வலது கட்டைவிரல்ல ஊசி குத்திடுச்சு. உயிர் போற வலி. உங்க மாமா மருந்து தேடி ஓடுறாரு. நான் இன்னொரு தடவை குத்திப் பார்த்துக்கிட்டிருக்கேன்."