ஒன்ஸ்மோர் கேட்காத சாயங்காலம்

ரங்கோன் துறைமுகத்தில் அரிசி மூட்டை ஏற்றிய தமிழர்கள் ஆயிரம் பேர். அதில் கருப்பையாவும் ஒருவர். இந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். அவருக்கு ஒரு தொண்டை இருந்தது. அடேயப்பா, அது என்ன தொண்டை! மூட்டை தூக்கும் கூட்டத்துக்கு அவர்தான் ஏலப்பாட்டு எடுத்துக் கொடுப்பார். அவர் ஒரு குரல் விட்டால் நடு ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலில் இருப்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

வாரத்தில் ஆறு நாள் அந்தத் தொண்டை கப்பல் கம்பெனிக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாடகக் கொட்டகைக்கு.

அந்தக் கால நாடகத்தை இன்றைக்குள்ளவர்கள் பார்த்தால் வாயைப் பிளப்பார்கள். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் ஜனங்கள் "ஒன்ஸ்மோர்" என்று கத்துவார்கள். கேட்டுவிட்டால் பாடியே தீரவேண்டும். போர்க்களத்தில் செத்து விழுந்த ராஜா எழுந்து உட்கார்ந்து, உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அதே பாட்டைப் பாடிவிட்டு, இன்னொரு தரம் சாவார். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. நடுவில் யாராவது முதலாளி எழுந்து மெடல் குத்துவார். ராஜா செத்த முகத்தோடு கும்பிடு போடுவார்.

ரங்கோனில் முதல் ஒன்ஸ்மோர் கருப்பையாவுடையது. அவர் கேட்காமல் தரை டிக்கெட்டில் ஒருத்தன் வாய் திறக்கமாட்டான். துறைமுகத்தில் அவர் வெறும் ஒரு பித்தளை வில்லை எண். மேஸ்திரி கூப்பிடுவதெல்லாம் "ஏய்" என்றுதான். கொட்டகையில் மட்டும் கிரீடம் வைத்தவனெல்லாம் அவர் குரலுக்குக் கட்டுப்பட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மனுஷன் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் தை மாதம் சொர்ணம்மாள் கம்பெனி கப்பலில் வந்து இறங்கியது. கம்பெனியும் அவளுடையது, நாயகி வேஷமும் அவளுடையது. கொண்டுவந்தது என்னவோ எல்லாரும் பார்த்துப் பார்த்து அலுத்த குங்குமவல்லி நாடகம். பஞ்சத்தில் நாடிழந்த ராணி, பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று கப்பல் வியாபாரி ஒருவனிடம் அதைக் கொடுத்துவிடுகிற கதை. பழைய முறையில் ராணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆர்மோனியத்தோடு கால் மணி நேரம் தொட்டில் பாட்டுப் பாடுவாள். பபூன் வந்து பிள்ளை மாதிரி அழுது காட்டுவான். சொர்ணம்மாள் இதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டாள். பபூன் கிடையாது, அந்தக் காட்சிக்கு ஆர்மோனியம் கிடையாது. பட்டுக்குப் பதில் கிழிந்த நூல் புடவை. விடிய விடிய நடந்த நாடகத்தை மூன்று மணி நேரத்தில் முடித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்ஸ்மோர் கிடையாது.

கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்திருந்த காஜா மைதீன் ராவுத்தர் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மெட்ராஸ்ல கண்ணாடி போட்டவங்க கலை, கலைன்னு எழுதுவாங்கம்மா. இங்க கொட்டகையை நிரப்புறது தரை டிக்கெட்டு. ஆறு நாள் மூட்டை சுமந்தவன் ஏழாம் நாள் சிரிக்க வருவான், கத்த வருவான். அழவா வருவான்?"

"அழவும் வருவான் ராவுத்தரே. அவனை யாரும் விட்டதில்லை, அவ்வளவுதான்."

"சரி, முதல் நாள் பார்ப்போம். ஜனம் ஒப்புக்கிட்டா ஒரு மாசம் கொட்டகை உங்களுக்குத்தான். ஒப்புக்கலேன்னா மறுநாளே பபூனும் ஒன்ஸ்மோரும் திரும்பி வந்திடணும். சம்மதமா?"

சம்மதம் என்றாள். ஜனம் என்றால் யார் என்று ராவுத்தருக்குத் தெரியும். நேரே படகுத்துறைக்குப் போய்க் கருப்பையாவைப் பிடித்தார்.

"ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருப்பா. அந்த அம்மா ஏதோ புதுசாப் பண்ணுது."

கருப்பையாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "என் வாயை மூடச் சொல்ல அவ யாரு? நாங்க டிக்கெட் வாங்கலையா? கேட்கிறது என் பாத்தியதை ராவுத்தரே. தொட்டில் பாட்டுக்கு நான் கேப்பேன். அவ பாடுவா. பாடலேன்னா என் பேரை மாத்தி வச்சுக்கிறேன்."

சுற்றி நின்ற கூட்டம் முழுக்க இதைக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கடைவீதியான முகல் தெரு வரைக்கும் சேதி பரவிவிட்டது. ராவுத்தர் பயந்துபோய் அடக்கப்போன காரியம் டிக்கெட்டாக விற்றது. யார் ஜெயிப்பது என்று பார்க்கவே பாதி ஊர் வந்தது!

நாலு மணிக்குத் திரை விலகியது. ஊஞ்சலில் ராணி, கையில் ஒரு பூ. சந்தோஷமான பாட்டு. முடிந்ததும் கருப்பையா எழுந்தார்.

"ஒன்ஸ்மோர்!"

தகரக் கூரை அதிர்ந்தது. பின்னாலேயே ஐந்நூறு பேர் சேர்ந்து கத்தினார்கள். சொர்ணம்மாள் கும்பிடவில்லை, சிரிக்கவில்லை, இவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. கையிலிருந்த பூவைப் பார்த்தபடி இருந்தாள். கத்திக் கத்திப் பார்த்தார்கள். அவள் அந்த அரண்மனையை விட்டு வெளியே வருவதாக இல்லை. கடைசியில் சத்தம் தானாக அடங்கியது. அவள் அடுத்த வசனத்தைப் பேசினாள்.

பின்னாலிருந்து எவனோ களுக்கென்று சிரித்தான். கருப்பையாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கண்ணு, அவரோடு மூட்டை தூக்குகிறவன், தோளைத் தொட்டான். "விடுங்கண்ணே. தொட்டில் பாட்டு வரட்டும். மூணு தரத்துக்குக் குறைஞ்சு எவ தப்பிச்சிருக்கா?"

அந்தக் காட்சி வந்தது.

கறுப்புத் திரை ஒன்று, அவ்வளவுதான். அரண்மனையும் இல்லை, காடும் இல்லை. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப் பொட்டலம். அது துணிதான் என்று கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் அதன் தலைக்குக் கை கொடுத்துத் தாங்கிய விதம் இருக்கிறதே! பச்சைப் பிள்ளை பெற்றவள் தாங்குவாளே, அப்படி. ஆர்மோனியம் இல்லாமல் மெல்லப் பாடினாள். எவ்வளவு மெல்ல என்றால், வெளியே மொஹிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா விற்கிறவன் கிண்ணத்தைத் தட்டுவது முதலில் கேட்டது. அப்புறம் அதுவும் காதில் விழவில்லை. காது அவளிடமே போய்விட்டது.

நாலாவது அடியில் பாட்டை நிறுத்தினாள். ராகத்துக்காக இல்லை. பிள்ளையின் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு பாடினாள். கருப்பையா அந்தப் பாட்டை நூறு தரம் கேட்டிருக்கிறார், அதில் ஒரு தாய் இருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாட்டு முடியவே முடியாதா என்று இருந்தது அவருக்கு. முடிந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

வியாபாரி வந்தான். அவள் பிள்ளையை உச்சி மோந்தாள். கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு போனான். பிள்ளை போன பிறகும் அவள் கைகள் பிள்ளையை ஏந்தினது ஏந்தினபடியே இருந்தன.

கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. பக்கவாட்டு வாசலில் ராவுத்தர் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இப்ப. கேளுங்கண்ணே," என்று செல்லக்கண்ணு விலாவில் இடித்தான்.

கருப்பையா எழுந்தார். அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின. மூச்சை இழுத்து நெஞ்சை நிரப்பினார். மேடையில் அவள் அப்போதுதான், அன்றைக்கு முதல் தரமாக, தரை டிக்கெட் பக்கம் கண்ணைத் தூக்கிப் பார்த்தாள். கைகள் அப்படியே இருந்தன.

மறுபடி பாடவேண்டுமானால் அந்த வியாபாரி திரும்பி வரவேண்டும். பிள்ளையை அவள் மடியில் போடவேண்டும். அவள் அதை இன்னொரு தரம் எடுத்துக் கொடுக்கவேண்டும். கருப்பையாவுக்கு இது புரிந்தபோது, இழுத்த மூச்சை அப்படியே வெளியே விட்டுவிட்டார். எத்தனை ராஜாக்களை எழுப்பிச் சாகடித்திருக்கிறார்! ஒருவரிடத்திலும் இப்படித் தோன்றியதில்லை.

"வேணாம்டா," என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அவர் மெதுவாகச் சொன்னாலே கடைசி வரிசை வரைக்கும் போகும். "ஒரு தரம் குடுத்தது போதும். திரும்பக் குடுன்னு எப்படிடா கேக்கிறது?"

உட்கார்ந்துவிட்டார். வேறு ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் முன்பு சிரித்தவனோ வேறு எவனோ தேம்பி அழுதான். நாடகம் தொடர்ந்து நடந்தது.

முடிந்ததும் துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் மாதிரி ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல் கலைந்து போனார்கள். கருப்பையாவும் அப்படித்தான் நழுவப் பார்த்தார். ராவுத்தர் ஓடிவந்து கையைப் பிடித்து, "ஒரு மாசம்னு சொல்லிட்டேன்பா! அந்த அம்மா உன்னைக் கூப்பிடுது," என்று மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

சொர்ணம்மாள் பாதி அரிதாரத்தைத் துடைத்தபடி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது தாண்டிய, களைத்துப்போன பொம்பளை. அவரைப் பார்த்ததும் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"நீங்கதானா அண்ணே? முதல் பாட்டுக்கு நீங்க போட்ட சத்தத்திலேயே எனக்கு உசிரு போயிடுச்சு. ரெண்டாவது தரம் கேட்டிருந்தீங்கன்னா என்னால நின்னிருக்க முடியாது. பாடித்தான் இருப்பேன். அதோட எல்லாம் போயிருக்கும்."

ஆக, அவர்தான் ஜெயித்திருப்பார். அதைக் கருப்பையா காதில் வாங்கினாரோ என்னவோ. அவர் அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் இதே நாடகமா தாயி?"

"ஆமாண்ணே. ராவுத்தர் ஒரு மாசம்னு சொல்லிட்டாரே."

"தினமும் அந்தப் பிள்ளையைக் குடுக்கணுமா?"

"தினமும்தான்."

கருப்பையா தோள் துண்டை எடுத்து மடித்துக்கொண்டார். "இருபது வருஷமா மூட்டை சுமக்கிறேன்," என்றார் பிறகு. "இதை என்னால சுமக்க முடியாது தாயி."