வளைவில் சாயாத கார்

எனக்குக் கல்யாணமான மறு வருடம் என் கணவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் கார் வைத்திருந்தவர்களே சிலர்தான். அவர்களும் அம்பாசிடரோ பியட்டோ வைத்திருந்தார்கள். இதுவோ இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத இங்கிலீஷ் வண்டி. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. கரும்பச்சை நிறம். பட்டுக் கடைக் குடும்பத்தின் மூத்த மகன் அதில் வந்து இறங்கியதும் மாமனார் சில நாள் அவரிடம் பேசவே இல்லை. மாமியார் மட்டும், "மழ வந்தா என்னாடா பண்ணுவ?" என்று கேட்டார்.

நான் சென்னைப் பெண். கல்லூரியில் பௌதிகம் படித்தவள். அந்தப் பெரிய வீட்டில் எந்த நேரமும் யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். கணவனும் மனைவியும் நாலு வார்த்தை சத்தமாகப் பேசிக்கொள்ள இடமில்லை. அந்தக் கார்தான் எங்களுக்கு இடம் தந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாலாஜாபாத் சாலையில் போவோம். காற்றில் என் பின்னல் கலைந்துவிடும். அவர் அப்போது வேறு மனிதராக இருப்பார். நிறையச் சிரிப்பார்.

ஆனால் வண்டி மட்டும் சரியில்லை. நேரே போகும்வரை அழகாகப் போகும். திரும்பினால் ஒரு பக்கமாகச் சாயும். தேரடியில் திரும்பும்போதெல்லாம் என் தோள் கதவில் இடிக்கும். எதிரில் மாட்டு வண்டி வந்து சட்டென்று ஒதுக்கினால், காரின் உடம்பு ஒரு பக்கமும் சக்கரங்கள் ஒரு பக்கமும் போவதுபோல இருக்கும்.

"இத சரி பண்ணியே ஆவணும்மா," என்றார் அவர். வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகைகளை எங்கிருந்தோ வரவழைத்தார். கடைக்குப் பின்னால், பழைய தறி மரங்களைப் போட்டு வைத்திருந்த கொட்டகையைக் காலி செய்து அங்கே வேலையைத் தொடங்கினார்.

முதலில் வாலாஜாபாத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்தவரிடம் சொல்லிப் பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டைகள் சேர்த்தார். அதற்குப் பிறகு கார் கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. கல் பாவிய தெருவில் போனபோது என் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. சேர்த்ததில் பாதியைக் கழற்றினோம். பிறகு ஷாக் அப்சார்பரில் இருந்த எண்ணெயை வடித்துவிட்டு இன்னும் கெட்டியான எண்ணெய் ஊற்றினோம். துள்ளல் அடங்கியது. சாய்வு போகவில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஏரிக்கரையை ஒட்டிய இரட்டை வளைவுக்குப் போவோம். அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, உடம்பில் படுவதைச் சொல்வேன். "முன்னாடி இடப்பக்கம் அமுங்குது. பின்பக்கம் கொஞ்சம் தாமதமா வருது" என்பேன். அவர் நிறுத்தி இறங்கிப் பார்ப்பார். நான் சொன்னது சரியாக இருக்கும். "எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதேம்மா," என்று ஒருமுறை சொன்னார். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒருவர் பேசியது அதுவே முதல் தடவை.

பத்திரிகை ஒன்றில் முன்சக்கரங்கள் இரண்டையும் குறுக்காக இணைக்கும் ஒரு கம்பியின் படம் இருந்தது. அது எதற்கென்று அவருக்குப் பிடிபடவில்லை. எனக்குக் கல்லூரி ஆய்வகத்தில் கம்பியை முறுக்கிச் செய்த பரிசோதனை ஞாபகம் வந்தது.

"ஒரு சக்கரம் மேல ஏறினா இந்தக் கம்பி முறுக்கிக்கும்ங்க. முறுக்கினது இன்னொரு சக்கரத்தையும் கூடவே மேல இழுக்கும். அப்போ வண்டி ஒரு பக்கமா சாய முடியாது" என்றேன்.

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாளே பட்டறைக்குப் போய் ஸ்பிரிங் எஃகில் கம்பியைக் காய்ச்சி வளைத்து வாங்கி வந்தார். கொட்டகையில் விளக்கை நான் பிடித்துக்கொள்ள, அவர் கீழே படுத்து ரப்பர் வைத்து அதைப் பொருத்தினார்.

அன்று ஏரிக்கரை வளைவில் கார் திரும்பியதை என்னால் இன்றும் உணர முடிகிறது. சாய்வே இல்லை. தரையோடு ஒட்டிக்கொண்டு அப்படியே திரும்பியது. என் தோள் கதவைத் தொடவில்லை. அவர் புளியமரத்தடியில் நிறுத்தி, ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "நீ ஓட்டு," என்றார். அந்தச் சாலையில்தான் நான் கார் ஓட்டப் பழகினேன்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு ஞாயிறு, அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அதே வளைவில் என் தோள் கதவில் இடித்தது.

"வண்டி சாயுதுங்க," என்றேன்.

"சாயுதா? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

அடுத்த ஞாயிறும் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பியதும் என் கண்ணெதிரிலேயே கொட்டகைக்குள் போனார். சற்று நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கீழ படுத்தே பாத்துட்டேன்மா. எல்லாம் வெச்சது வெச்ச மாதிரியே இருக்குது. உனக்குத்தான் ஒடம்பு சரியில்ல. தல சுத்துதோ என்னவோ."

நான் நம்பினேன். அவர் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகு நான் குனிந்து பார்க்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு வளைவிலும் சாய்வு தெரிந்தது; ஒவ்வொரு முறையும் அது என் தலைக்குள்தான் நடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். மாடிப்படி இறங்கும்போதுகூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குத் தலை சுற்றுவதாக அவர் தன் அம்மாவிடமும் சொல்லிவிட்டார். மாமியார் என்னைத் தனியே அழைத்தார். "தலைக்கு ஊத்திக்கினு எத்தினி நாளாவுதும்மா?" என்று கேட்டார். எனக்குத் தள்ளிப்போவது வழக்கம்தான். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அம்மனுக்குப் பட்டு சாத்துவதாக வேண்டிக்கொண்டார். நாத்தனார்கள் எனக்கு வேலை வைக்கவில்லை. எனக்கும் ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன். லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி ரத்தத்துக்கு டானிக் எழுதிக் கொடுத்தார். அன்று மாமியார் சாப்பிடாமல் படுத்துவிட்டார். என் கணவர் அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பொங்கல் கழிந்ததும், பெயின்ட் அடிக்க வேண்டும் என்று காரைச் சென்னைக்கு எடுத்துப் போனார். அந்த வாரம் திருமுக்கூடல் பக்கம் பாலாற்றில் சினிமா ஷூட்டிங் நடப்பதாக ஊரே பேசியது. மாமியாரும் நாத்தனார்களும் நானும் ஒரு வேனில் போனோம்.

வற்றிய ஆற்றுக்குப் பக்கத்தில் கரைமேல் ஒரு கார் பறந்துகொண்டிருந்தது. கரும்பச்சை. கூரையில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

"இவன் மெட்ராஸ்லதான இருக்கான்?" என்றார் மாமியார்.

கார் வளைவில் திரும்பியது. அது சாய்ந்தது. தலைக்குள் இல்லை. எல்லோரும் பார்க்கச் சாய்ந்தது.

காரை ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டண்ட் நடிகர் தண்ணீர் கேட்டு எங்கள் வேனுக்கு வந்தார். மாமியார் செம்பில் ஊற்றிக் கொடுத்தார். நான் கேட்டேன், "அண்ணே, வண்டி ரொம்ப சாயுதே?"

"இப்பதாம்மா சாயுது," என்றார் அவர், வாயைத் துடைத்துக்கொண்டு. "தீவாளி சமயத்துல பாக்க வந்தப்போ சாய மாட்டேன்னுச்சு. வண்டி சாஞ்சாதானம்மா கேமராவுல ஸ்பீடு தெரியும்? உருட்டறதுக்கும் அதான் சௌரியம். அங்க குந்திக்கினு இருக்காரே, காருக்குச் சொந்தக்காரரு, அவரே அடியில ஏதோ கம்பிய கழட்டிக் குடுத்தாரு. நல்ல மனுசன்."

"உருட்டறதுக்கா?"

"ஆமா, கடைசி சீன்ல உருளுது."

மாமியார் செம்பைக் கையில் வைத்தபடியே நின்றார். கரைச் சரிவில் பலகை போட்டார்கள். கார் வேகமாக வந்தது. ஓட்டியவர் வெளியே குதித்து மணலில் புரண்டார். ஒரு பக்கச் சக்கரங்கள் பலகையில் ஏற, வண்டி மெதுவாகத்தான் கவிழ்ந்தது என்று எனக்குத் தோன்றியது. மூன்று முறை உருண்டு தலைகீழாகக் கிடந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். என் கணவரும் கைதட்டினார். அதன்பிறகுதான் அவர் எங்களைப் பார்த்தார்.

அவர் எங்களை நோக்கி வந்தார். அருகில் வந்ததும் மாமியார், "கழட்டுனத எங்கிட்டனாச்சும் சொல்லியிருக்கலாமேடா. நான் அம்மன் வாசல்ல போயி நின்னேனே," என்றார். என் கணவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "வாம்மா, போலாம்," என்று மாமியார் என் கையைப் பிடித்து வேனில் ஏற்றினார்.

அன்று வீட்டில் அவரிடம் கேட்டேன். தயாரிப்பாளர் கடைக்கு வேண்டியவராம். வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர் காரைப் பார்த்து ஆசைப்பட்டாராம். சினிமாக்காரர்கள் கேட்டபோது இல்லையென்று சொல்ல முடியவில்லையாம். ஷூட்டிங் தள்ளித் தள்ளிப் போனதாம்.

"வண்டி உங்களோடது. குடுத்தது இருக்கட்டும். சாயுதுன்னு சொன்னேனே. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வேணாம்ப. சண்ட வரும்னு பயந்துட்டேன்." பிறகு, "ஒரு வண்டிதானம்மா. வேற வாங்கிக்கலாம்," என்றார்.

அவர் பொய் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது கார் விஷயத்தில் மட்டும்தான். டாக்டரிடம் போய்வந்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாரே, அதை எதில் சேர்ப்பது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

மறு வருடம் அவர் அம்பாசிடர் வாங்கினார். பிள்ளைகள் பிறந்தார்கள். நான் பிரசவத்துக்குச் சென்னை போயிருந்தபோது, என் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டிரைவிங் பள்ளியில் முறைப்படி ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கி வந்தேன். மாமியாரைக் கோயிலுக்கும் டாக்டரிடமும் நானே கூட்டிப் போவேன். என் கணவர் ஓட்டும்போது பின்சீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்வேன். சில நாள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "பின்னாடி ஏதோ சத்தம் வருதா?" என்பார். வரும். பட்டை ஸ்பிரிங்கில் எந்தப் பட்டை தளர்ந்திருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும்.

"ஒண்ணும் தெரியலீங்க," என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டிருப்பேன்.