எரியாத எண்ணெய்க்கு எழுதிய புகை

நாடு வெளிவிடும் காபனீரொட்சைட்டைக் கணக்கிடும் வேலை என் கைக்கு வந்த முதல் மாதமே எனக்குத் தலை சுற்றிவிட்டது. வேலை என்னவோ சின்னதுதான். நாட்டுக்குள் வந்த எரிபொருளில் இருந்து வெளிநாட்டுக் கப்பலுக்கும் விமானத்துக்கும் ஊற்றியதைக் கழிக்க வேண்டும். டாங்கிகளில் புதிதாகச் சேர்ந்ததையும் கழிக்க வேண்டும். மிச்சம் எரிந்தது. அதைப் புகையாக மாற்றினால் முடிந்தது.

என் கணக்குப்படி, பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடத்தில்தான் முந்தின வருடத்தைவிட அதிகம் எரித்திருந்தோம்! வெள்ளவத்தையில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றவள் நான். என் கண்ணை நம்புவதா, கணக்கு ஷீட்டை நம்புவதா?

பணிப்பாளர் நஸீர் சேர் ஷீட்டைத் தள்ளி வைத்தார்.

"லைன்ல நின்ட வருஷம் கூட எரிச்சமா? இத அனுப்பினா சிரிப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரிவரல்லண்டா வெளிநாட்டுக் கன்சல்டன்டுக்குக் குடுத்திருவன்."

எனக்கு அழுகையே வந்தது. எங்கள் நாட்டுக் கணக்கை எங்களால் போட முடியாதா? இறக்குமதியை மூன்று தரம் கூட்டினேன். கப்பல் எண்ணெயைத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் சரி, விடை மட்டும் பிழை.

வியாழக்கிழமை பொரளையில் பஸ் மாறி எண்ணெய்க் களஞ்சியத்துக்கே போனேன். டாங்கி மட்டம் எழுதும் மகேந்திரன் அண்ணையிடம் அவர் அனுப்பிய தாளை நீட்டினேன்.

"அண்ணை, இந்த இலக்கத்துக்கு முன்னால மைனஸ் போட்டிருக்கிறியள். டாங்கியில மட்டம் இறங்கினதோ?"

"இல்லைத் தங்கச்சி, ஏறினது. வருஷத் தொடக்கத்தில காய்ஞ்சு கிடந்தது, கடைசியில நிரம்பிட்டுது."

"பிறகேன் மைனஸ்?"

"உங்கட ஒபிஸில முந்தி இருந்தவர் சொன்னவர், கழிக்கிற கணக்குத்தானே, மைனஸ் போட்டே அனுப்புங்கோ எண்டு. உங்களுக்கு வேலை குறையட்டும் எண்டு போட்டனான்."

எங்கள் ஷீட்டோ அதைத் தானும் ஒருமுறை கழித்தது. மைனஸைக் கழித்தால் கூடும். டாங்கிக்குள் பத்திரமாகக் கிடந்த எண்ணெயையும் நாங்கள் எரித்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை திருத்திய ஷீட்டில் கையெழுத்து வைக்கப் போன சேர், பேனையைத் திறந்தபடியே நிமிர்ந்தார்.

"அப்ப இதுக்கு முந்தி அனுப்பின வருஷமெல்லாம்?"

கையெழுத்தைப் போட்டுவிட்டு அலமாரியில் இருந்த பழைய கோப்புகளைக் காட்டினார்.

"கன்சல்டன்ட் வாணாம். நீங்களே பாருங்க."

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் பழைய கோப்புகளை இறக்கினேன். சில வருடங்களில் பிளஸ், சில வருடங்களில் மைனஸ். எந்த மைனஸ் அண்ணை உதவிக்குப் போட்டது, எந்த மைனஸ் டாங்கி மட்டம் இறங்கியதால் வந்தது என்று இன்னும் தேடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். யாரிடமிருந்தும் ஓர் இலக்கத்தை வாங்கும்போது, அனுப்பியவர் உங்களுக்கு ஏதும் உதவி செய்தாரா என்றும் கேட்டு வாங்குங்கள்.