ஊசியம்மாவின் வலது கை

ஊசியம்மாவிடம் வைத்தியத்துக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு குறுக்கு விசாரணையைத் தாண்டியாக வேண்டும். "எங்கயாவது ஆபரேஷன் பண்ணியிருக்கா?" என்பாள். "ஐயோ, இல்லம்மா" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போய்ப் படுப்பார்கள். சட்டையைத் தூக்கினால் வயிற்றில் ஒரு தழும்பு.

"இதுவா? இது சின்ன வயசுல குடல்வால் எடுத்தது. இதெல்லாமா கணக்கு?"

அப்போது அவளுக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும். "வயித்துல ஓடுற நாளம்தான் முட்டிக்கு இறங்குது. நடுவுல வெட்டிப்புட்டு முட்டி வலிக்குது, முட்டி வலிக்குதுன்னா நான் என்னத்தச் செய்ய?"

அவள் படித்தது சீன ஊசி வைத்தியம். உடம்பெங்கும் நாளங்கள் இருக்கின்றன, அவற்றில் சக்தி ஓடுகிறது, அறுவைத் தழும்பு குறுக்கே விழுந்தால் ஓட்டம் மறிபடும் என்பது அந்த வைத்தியத்தின் பாடம். தழும்பைச் சுற்றி ஊசிகளைச் சாய்வாகக் குத்தி வழி திறப்பதில் அவளுக்குக் கைராசி உண்டு என்று பெயர். ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், வலி போனவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கீழே வைத்திய அறை, மேலே வீடு. கட்டில் விரிப்புகளைத் துவைத்து மாடியில் காயப்போடுவதும், காத்திருப்பவர்களிடம் வாயடிப்பதும் அவர் வேலை. "ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டாங்க, பஸ் அந்தப் பக்கமே நிக்குது. அம்மா ரோட்டைச் சரி பண்ணிடுவாங்க. அதுவரைக்கும் யாரும் இறங்காதீங்க" என்பார். உள்ளேயிருந்து ஊசியம்மா பல்லைக் கடிப்பாள். ஆனால் அவர் விளக்கம்தான் எல்லோருக்கும் புரிந்தது.

அவளுடைய ரோட்டுக்கே ஒருநாள் ஆபத்து வந்தது. வலது கை மரத்துப்போகத் தொடங்கியது. ஊசி விரலிலிருந்து நழுவியது. மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது, திறந்துவிட வேண்டும் என்றார் அறுவை டாக்டர். அவள் மாட்டேன் என்றாள். மணிக்கட்டின் நடுவே ஓடி நடுவிரலில் முடிவது இதய மேலுறை நாளம். அதில் கத்தி வைக்க ஊசியம்மாவே ஒத்துக்கொள்வதா? தனக்குத் தானே குத்திப் பார்த்தாள், சூடு வைத்துப் பார்த்தாள். கடைசியில் கையைத் தூக்கித் தலைகூட வாரமுடியாத நிலையில், டிரைவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கையோடு அழைத்துப்போனார்.

அறுவைக்குப் பிறகு வலி போய்விட்டது. ஆனால் விரல் நுனிகளில் உணர்வு திரும்பவில்லை. நாள் ஆகும் என்றார் டாக்டர். நாடி பார்க்காமல் அவளுக்கு வைத்தியமே கிடையாது. விரல்கள் போனால் அவள் யார்? இந்தப் பயத்தை அவள் ஒருவரிடம் மட்டும்தான் சொன்னாள்.

"அவ்வளவுதானே. தினம் என் கையில பழகு. காசா பணமா" என்றார் அவர்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் மேலே வீட்டில் மர நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டுவார். "சொல்லுங்க டாக்டரம்மா." அவள் தன் தழும்பைச் சுற்றிக் குத்திய ஊசிகளை எடுத்துவிட்டு மூன்று விரலை வைப்பாள். ஒன்றும் தெரியாது. இன்னும் அழுத்துவாள். ஒருநாள் நன்றாக அழுத்தியபோது, துடித்தது.

"வந்துடுச்சுங்க!"

"நான்தான் சொன்னேனே."

"இருங்க... இன்னைக்கு யார்கூடயோ சண்டை போட்டிருக்கீங்க."

"அட, எமகாதகி! காய்கறிக்காரன்கிட்ட வாய்ச்சண்டை. எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவள் சின்னப் பெண் மாதிரி கைகொட்டிச் சிரித்தாள். கை திரும்பிவிட்டது என்று நம்பினாள். நாடி பார்ப்பதை மறுபடி ஆரம்பித்தாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம், அவர் கையை நீட்டியபடி, கேலி இல்லாத குரலில் கேட்டார். "படியேறினா நெஞ்சு லேசா பிடிக்குது. என்னன்னு பாரு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்குங்க. வாயுவா இருக்கும். சந்தேகமா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்களேன்."

"நீயே சொல்லிட்ட, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?"

ஈர விரிப்புகளோடு மாடிப்படியில் அவர் விழுந்தது ஒரு காலையில். ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்துவிட்டு, அவளை உள்ளே விட்டார்கள். போய்விட்டார் என்று டாக்டர் சொன்னது அவள் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். துடித்தது.

"உயிர் இருக்கு! டாக்டரைக் கூப்பிடுங்க, துடிக்குது பாருங்க!"

நர்ஸ் ஓடிவந்து அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஊசியம்மாவின் விரல்களை மெதுவாக எடுத்து, கட்டிலின் இரும்புக் கம்பியில் வைத்து அழுத்தினாள். "இங்க பாருங்கம்மா. இப்பவும் துடிக்குதா?"

துடித்தது. இரும்புக் கம்பி நன்றாகத் துடித்தது.

அழுத்திப் பிடித்தால் நம் விரலின் துடிப்பே நமக்குத் தெரியும், ஏமாந்துவிடக் கூடாது என்பது அவள் நாடி படிக்கப் போன முதல் வாரத்தில் கற்றது. அத்தனை சாயங்காலமும் அவள் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கல்லு மாதிரி இருந்தது அவளுடைய நெஞ்சு.

துக்கம் கேட்க வந்தவர்களில் காய்கறிக்காரரும் இருந்தார். "தங்கமான மனுஷன். என்கிட்ட ஒரு நாளும் குரல் ஒசத்திப் பேசினதில்லம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு தடவகூடவா சண்டை வரல?" என்று கேட்டாள் ஊசியம்மா.

"சண்டையா? அவரா?"

அன்று சண்டையே இல்லை. அவள் சிரிக்கட்டும் என்று சொன்ன பொய் அது. அப்படியென்றால் கை திரும்பவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே, நெஞ்சு வலிக்கு அந்தக் கையை நம்பி உட்கார்ந்தாரா? இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் பெண்டாட்டியின் கை பொய் என்று ஆகிவிடுமே என்று போகாமல் இருந்தாரா? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. இரண்டில் எது என்று நினைத்தாலும் நெஞ்சு வெடித்தது.

இப்போதும் வைத்திய அறை திறந்திருக்கிறது. தழும்பைச் சுற்றி ஊசி போடுகிறாள், இடது கையால். நெஞ்சு என்று யார் வாயைத் திறந்தாலும், "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ, அப்புறம் என்கிட்ட வா" என்று விரட்டுகிறாள். பழக்கதோஷத்தில் நாடி பார்க்கக் கையை நீட்டுகிறவர்களிடம், "அது வேணாம்" என்கிறாள்.

சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு மாடிக்குப் போகிறாள். மர நாற்காலி அங்கேயே கிடக்கிறது. அதன் இடது கைப்பிடியில் மூன்று விரலை வைத்து அழுத்துகிறாள். துடிக்கிறது. தன்னுடையதுதான் என்று தெரிந்தும் கையை எடுக்க மனம் வரவில்லை.