வாய்ச்சீலையும் கடவாய்ப் பல்லும்

என் கடவாய்ப் பல்லின் ஒரு மூலை உடைந்து சோற்றோடு வந்தபோது அதைக் கல் என்றுதான் நினைத்தேன். முகாமில் தருகிற அரிசியில் கல் கிடப்பது புதினம் அல்ல. எவ்வளவுதான் சுளகில் புடைத்தாலும் ஒன்றிரண்டு தப்பி வந்துவிடும். துப்பிவிட்டு மிச்சச் சோற்றையும் தின்று முடித்தேன். பின்னேரம் நாக்கு அந்த இடத்துக்கே போய்ப் போய் வந்தது. அப்போதுதான் உடைந்தது என்னுடைய பல் என்று தெரிந்தது.

நாங்கள் கிரான் பக்கத்து ஆட்கள். வாவிக்கு மேற்கே வயலும் வளவுமாக இருந்தோம். சண்டை எங்கள் பக்கம் வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு கிழக்குக் கரைக்கு வந்து, முகாமில் தரப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்தோம். கணவரும் நானும் மகனும் ஒரு மூலையில். கணவரின் தங்கை, எனக்கு மச்சாள், நடுவில் ஒரு சேலையைத் தொங்கவிட்டு மற்ற மூலையில்.

பல் உடைவதற்குச் சில நாள் முன்னமே மச்சாள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு கேட்டாள்.

"ராவு ராவாத் தனியா இருந்து என்னகா கொறிக்கிற? கச்சான் கிடந்தா எங்களுக்கும் ஒரு பிடி தாவன்."

"நான் எங்க கொறிச்ச?"

"அப்ப எலிதானாக்கும். பெரிய எலிகா அது. உன்ட பாயிலதான் படுக்குது."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கதை குறைந்தவர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஓம். பல்லுத்தான் கடிக்கிறாய்" என்றார்.

"அத ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"எழுப்பினா அழுவாய். கடிக்கக்குள்ள அழமாட்டாய்."

முகாமில் பல் கடிப்பது பெரிய விஷயம் அல்ல. ஒவ்வொரு கூடாரத்திலும் இரவில் ஏதோ ஒரு சத்தம் இருந்தது.

எனக்கு அது பெரிய விஷயமாகியது ஊர் திரும்பிய பிறகுதான். அதற்குக் காரணம் ஒரு நேர்த்திக்கடன்.

முகாமுக்கு முந்தி, சுனாமி வந்த காலையில் மகன் கடலோரம் கல்குடாவில் இருந்தான். நத்தார் பண்டிகை லீவுக்கு ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தான். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று சொன்னார்கள். கடல் எப்படி ஊருக்குள் வரும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. நானும் கணவரும் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். விறாந்தையில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். மேலே சேலை, சாரம், கிடைத்த துணி. கணவர் ஆண்பிள்ளைகளின் முகத்துத் துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டு போக, நான் பின்னால் அதை மூடிக்கொண்டு போனேன். எல்லாரும் மல்லாக்க, கையை விரித்தபடி கிடந்தார்கள். அந்த வரிசையின் முடிவில் நின்று எங்கள் கண்ணகை அம்மனை நினைத்தேன். மகன் உயிரோடு வந்தால், குளிர்த்தி அன்றைக்கு உன் முற்றத்தில் முதல் குரவை என் வாயால் இடுவேன் என்றேன்.

பொழுது படும் நேரம் அவன் வெறுங்காலோடு நடந்து வந்து சேர்ந்தான்.

அம்மன் கோயில் வருடத்தில் ஒருமுறை, வைகாசியில் மட்டும் கதவு திறக்கும். சடங்கு முடியும் நாளில் அம்மனின் கோபத்தைத் தணிக்கக் குளிர்த்தி பாடி, தண்ணீர் தெளித்து, பெண்கள் குரவை இடுவோம். வாயைத் திறந்து நாக்கை உள்ளே ஆட்டி எழுப்புகிற அந்தச் சத்தம் என்னிடம் நன்றாக இருந்தது. வாவியில் தோணி வலிக்கிறவர்கள் கேட்டு, இது இன்னாரின் பெண்சாதி என்று சொல்வார்களாம். சுனாமிக்கு அடுத்த வைகாசியில் என் மாமியார் இறந்த துடக்கு, கோயிலுக்குள் போக ஏலாது. அதற்கடுத்த முறை சண்டைச் செய்தியில் ஊர் பாதி காலி. பிறகு முகாம். நேர்த்தி அப்படியே நின்றது.

ஊர் திரும்பி வளவைத் துப்புரவாக்கி முதல் போகம் விதைத்த பிறகு, இந்த வைகாசி கதவு திறப்பது என்று கோயிலில் தீர்மானித்தார்கள். அன்றைக்குக் கிணற்றடியில் நின்று குரவை இட்டுப் பார்த்தேன். தாடை ஒரு தேக்கரண்டி போகும் அளவுக்குத்தான் திறந்தது. காதடியில் குத்தி, சத்தம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அம்மனுக்கு நான் நேர்ந்தது வாயை. பொறுத்துப் பொறுத்து இப்போது வாயையே பூட்டிவிட்டாள் என்று எண்ணினேன். அந்தப் பயம் பல் வலியை விடப் பெரிதாக இருந்தது.

பல் டொக்டர் ஒரு இளந்தாரி. கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, ராவையில பல்லக் கடிக்கிறீங்க. ரெண்டு பல்லு வெடிச்சிருக்கு. கன்னத்துச் சதை களைச்சிப்போய் இறுகியிருக்கு, அதான் வாய் திறக்குதில்ல" என்றார்.

"நித்திரையில செய்யிறத நான் எப்படி டொக்டர் நிப்பாட்டுற?"

"நித்திரைக்கு முதல் உடம்ப இளக்கப் பழகணும். யோகாசனம் சொல்லிக் குடுக்கிறாங்க, போங்க. பல்லுக்கு நடுவுல வைக்கிற உறை செய்யலாம். அது வர நாள் எடுக்கும்."

நான் பிரார்த்தனைக்குப் போகிற மாதிரித் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, அந்த வகுப்புக்குப் போனேன். மச்சாளும் வந்தாள். அவளுக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. எலி எப்படிச் சாகிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள்.

பல்நோக்கு மண்டபத்தில் பாய் போட்டிருந்தது. சொல்லிக் கொடுத்தவர் டவுனில் இருந்து வந்த ஒரு பிள்ளை, என் மகனை விடக் கொஞ்சம் மூத்தவள். தோளைச் சுழற்றவும் கழுத்தை மெல்லச் சாய்க்கவும் காட்டினாள். அதெல்லாம் சுகமாக இருந்தது. கடைசியில், "இனிச் சவாசனம். மல்லாக்கப் படுத்து, கையையும் காலையும் விரிச்சி விடுங்க" என்றாள்.

அங்கே இருந்த பெண்களில் பாதிப் பேர் படுக்கவில்லை. நானும் படுக்கவில்லை. மண்டபத்தில் வரிசையாகப் பாய் கிடந்ததையும், அதில் ஏற்கெனவே படுத்துவிட்டவர்களின் உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்றவர் கடலுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். அவர் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல், "அக்காமார், பேரையும் விடுவம், அந்தப் படுக்கையையும் விடுவம். புள்ளைக்குப் பால் குடுக்கிற மாதிரி ஒருக்களிச்சிப் படுங்க" என்றாள். செருப்பைத் தேடியவர் திரும்பி வந்தார். அதன் பிறகு எங்கள் வகுப்பில் யாரையும் மல்லாக்கப் படுக்கச் சொன்னதில்லை.

ஒருக்களித்துப் படுத்து, வாயை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விட வேண்டும். வீட்டிலும் தினமும் விளக்கு வைத்த பிறகு செய்தேன். பக்தியாகச் செய்தேன். ஆனால் ஒவ்வொரு காலையும் தாடை முன்னையை விட இறுகியே இருந்தது. மச்சாள் கேட்டாள், "என்னகா, எலிக்கு யோகாசனம் செய்து பெலன் வந்திட்டுதோ?"

அதை நான் வகுப்பில் சொன்னபோது, அந்தப் பிள்ளை என்னைப் படுக்க வைத்து, இரண்டு விரலை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, கல்லு மாதிரிக் கிடக்கு. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்டோட ஒண்டு முட்டுதா?"

"ஓம். நல்லா இறுக்கித்தான் வெச்சிருக்கன்."

"ஏன்?"

"நீங்கதானே வாய மூடச் சொன்னீங்க."

"வாய மூடச் சொன்னன். பூட்டச் சொல்லல்லயே."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயை மூடுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதம்தான். சடங்குக் காலத்தில் அம்மனுக்குப் பொங்கும் அரிசிக்கான நெல்லைக் கோயில் வளவிலேயே உரலில் குற்றுவோம். எச்சில் பட்டுவிடும், மூச்சுப் பட்டுவிடும் என்று, குற்றுகிற பெண்கள் வெள்ளைச் சீலையால் வாயைக் கட்டிக்கொள்வோம். கலியாணம் முடித்த வருடத்தில் இருந்து அதற்குப் போகிறவள் நான். சீலையைக் கட்டியதும் பல்லைக் கடித்துக்கொள்வேன். உலக்கை விழும்போதெல்லாம் இன்னும் இறுகும். அப்படிச் செய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சுத்தம் என்றால் அதுதான் என்று உடம்பே எடுத்துக்கொண்டது. பிறகு முகாமிலும் அதற்கு முன்னும், சத்தம் காட்டாமல் இருக்க வேண்டிய நேரங்களில் அதே உடம்பு அதையே செய்தது. இப்போது மனசை அடக்கச் சொன்னபோதும் செய்தது.

"உதடு சேரட்டும், பல்லு விலகட்டும், நாக்கு மேல் அண்ணத்துல சும்மா கிடக்கட்டும்" என்றாள் அந்தப் பிள்ளை. சொல்ல எளிது. உதட்டை மூடினால் பல்லும் கூடவே வந்து மூடியது. பல்லை விலக்கினால் உதடும் திறந்து ஈ போகிற மாதிரி ஆனது.

அது எனக்குப் பிடிபட்டது அடுப்படியில். ஈர விறகுக்கு ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். உதடு குழலைச் சுற்றி மூடியிருக்கிறது, பல் விலகியிருக்கிறது. குழலை மெல்ல எடுத்துவிட்டு வாயை அப்படியே வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றது. அதன்பிறகு பகலில் அடுப்பைத் தாண்டும்போதெல்லாம் பல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் கடித்துக்கொண்டுதான் இருந்தது. விலக்கிவிடுவேன். படுக்கைக்கு முன் வெந்நீரில் நனைத்த துணியைக் கன்னத்தில் வைத்து, ஒருக்களித்துப் படுத்து, மூச்சு வெளியே போகும்போதெல்லாம் அம்மாளே என்று உள்ளுக்குள் சொல்லி, தாடையைத் தொங்கவிடுவேன்.

இன்னொரு ஆசனமும் இருந்தது. முழங்காலில் இருந்து, வாயைப் பிளந்து, நாக்கை நாடி வரை நீட்டி மூச்சை விட வேண்டும். சிங்கம் என்றார்கள். வளவுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று நினைத்துச் செய்தேன். கணவர் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"என்ன புள்ள, காளி வந்திட்டாவா?"

"ஓம். ஒரு சேவல் கொண்டாங்க."

அவர் மண்வெட்டியைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சிரித்தார். முகாமுக்குப் போன பிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் பார்க்கவில்லை.

வைகாசி வந்தது. தேக்கரண்டி போன இடத்தில் இப்போது இரண்டு விரல் போனது. குரவைக்கு அது காணுமா காணாதா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இட்டுப் பார்க்கவும் மனம் வரவில்லை. முதல் குரவை அம்மனுக்குத்தான் என்று சொல்லியிருந்தேன்.

குளிர்த்திக்கு முதல் நாள் நெல் குற்றப் போகாமல் இருக்கலாம் என்று மச்சாள் சொன்னாள். "குத்தினா மறுகா வாய் பூட்டிடும்கா. ஒரு வருசம் போகாட்டி அம்மாள் கோவிக்க மாட்டா." அவள் சொன்னது சரிதான். ஆனால் கதவு திறந்த முதல் வருடத்தில் என் உலக்கையை இன்னொருத்தி கையில் கொடுக்க எனக்கு ஏலாது. ஏறாவூர் வியாபாரியிடம் வாங்கி வைத்திருந்த புது வெள்ளைத் துணியைக் கிழித்துக் கொண்டு போனேன்.

சீலையைக் கட்டியதும் பல் வழக்கம்போல வந்து கடித்தது. உரலுக்குள் நெல் விழுந்தது. நான் உலக்கையை எடுக்காமல் நின்றேன். அம்மனுக்குக் கட்டிய சீலைக்குள் பல்லை விலக்குவது மரியாதைக் குறைவா என்று யோசித்தேன். எச்சில் விழாமல் இருக்கத்தானே சீலை. அந்த வேலையைச் சீலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு மேல் நான் சேர்த்துக் கொடுத்தது அம்மன் கேளாதது. ஊதுகுழலை நினைத்து வாயை விட்டேன். பல் விலகியது. அப்படியே குற்றத் தொடங்கினேன். நடுவில் பல தரம் பூட்டியது. பல தரம் விட்டேன். எதிரில் குற்றியவளின் தாடை சீலைக்கு மேலே புடைத்துப் புடைத்து அடங்குவது தெரிந்தது. முன்பு நான் அதைக் கவனித்ததில்லை.

மறுநாள் குளிர்த்தி. மகன் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து மண் முட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தான். நேர்த்தி தன்னால் வந்தது என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பாட்டு முடிந்து தண்ணீர் தெளிக்கும் நேரம் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். முதல் குரவை என்னுடையது என்று மச்சாள் சொல்லி வைத்திருந்தாள்.

வாயைத் திறந்தேன். காதடியில் குத்தியது, ஆனால் நிற்கவில்லை. சத்தம் மெல்லிசாக, நடுவில் ஒரு கீறலோடு வந்தது. பழைய குரவையில் பாதி கூட இல்லை. முற்றத்துக்கு அப்பால் போயிருக்காது. மூச்சு முடிவதற்குள் மச்சாள் எடுத்தாள். பிறகு எல்லாரும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு என் குரல் எது என்று எனக்கே தெரியவில்லை.

மகன் ஒருதரம் தலையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு வெறும் வாளியோடு கிணற்றடிக்குப் போனான்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம் கேட்டேன், "உங்களுக்குக் கேட்டதா?"

"ஓம்" என்றார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "ராவைக்குப் போடுற சத்தத்த விட இது பரவாயில்ல" என்றார்.

அந்த உறை பிறகு வந்தது. இரவில் போட்டுக்கொள்கிறேன். காலையில் எடுத்துக் கழுவும்போது அதில் சில நாள் புதுத் தடம் இருக்கும், சில நாள் இருக்காது. உடைந்த பல் உடைந்த பல்தான். அம்மனுக்குச் சொன்னதைச் செய்துவிட்டேன்.