நாலு தண்ணி

எங்கள் தெரு முனை ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘ஒரிஜினலை மறக்காமல் எடுத்துச் செல்லவும்.’ தினமும் அதைப் படித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் நான். ஏழாம் வகுப்பில் தமிழில் முதல் மார்க் வேறு. படிப்பது ஒன்று, மண்டையில் ஏறுவது இன்னொன்று என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திருவொற்றியூருக்கு நாங்கள் குடிவந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. அப்பா துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். காண்டிராக்ட் வேலைதான், ஆனாலும் சட்டையில் பெயர் போட்ட பேட்ஜ் உண்டு. வீடு மாறும்போது அப்பா எனக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். “எங்கேர்ந்து வந்தீங்கன்னு யார்னா கேட்டா, பெரம்பூர்னு சொல்லு. இன்னா?” வியாசர்பாடி என்றால் எனக்குத் தெரிந்தது கால்பந்துதான். வீட்டு ஓனரம்மாவுக்குப் பந்து விளையாடுகிறவர்களைக் கண்டால் ஆகாது, ஜன்னல் கண்ணாடி உடையும் என்று பயம் போல என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

திருவொற்றியூர் வந்ததும் அம்மா இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தாள். முதலில் ஓனரம்மாவுக்கு மட்டும், பிறகு எதிர் வீடு, பிறகு தெருவில் பாதி. சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வாசலில் தூக்குகளோடு பெண்கள் நிற்பார்கள். “உம் மாவுல ஊத்துனா இட்லி பஞ்சு மாரி கீதும்மா” என்று ஓனரம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அம்மாவுக்கு ஆசையை மூட்டிவிட்டதும் அவர்தான். வீட்டின் முன்னறை ரோட்டைப் பார்த்தபடி பூட்டியே கிடந்தது. “ஆடி போவட்டும். ஆவணில அத தொறந்து குடுக்கறேன், கடையா போட்டுக்கோ” என்றார். அன்றிலிருந்து அம்மாவின் நடையே மாறிவிட்டது. பெரிய கிரைண்டர் ஒன்றை யானைக்கவுனி பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கடை போர்டில் என்ன பெயர் எழுதுவது என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் பேச்சு. அப்பா என் பெயரைத்தான் எழுத வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாவு வேலையில் என் பங்கு அரிசி களைவது. நாலு தண்ணி களைய வேண்டும். மூன்று போதாது, நாலு. பள்ளிக்கூடம் போகுமுன் களைந்து ஊறப்போட்டால் மத்தியானம் அம்மா அரைப்பாள்.

அந்த ஆடி மாதத்தில் ஒருநாள், உதவித்தொகை மனுவோடு சாதிச் சான்றிதழ் நகல் கொடுக்கக் கடைசி நாள். அம்மா பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்தாள். லேமினேட் செய்த அட்டை.

“ஸ்டேஷன்கிட்ட போயி எடு. முனைக்கடைல எடுக்காத.”

“ஏம்மா? அது பக்கமாச்சே!”

“சொன்னா கேளுடீ.”

முனைக்கடை ஓனரம்மாவின் தங்கையுடையது. தெரிந்தவர் கடை இருக்க, ஸ்டேஷன் வரை எதற்கு நடக்க வேண்டும்? நேரமும் ஆகிவிட்டது. அரிசியை இரண்டு தண்ணியோடு நிறுத்திவிட்டு, “நாலும் ஆச்சும்மா” என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஹைரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன, பூனைகூட நுழைய முடியாது. பெல் அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. திரும்பி வந்து முனைக்கடையிலேயே அட்டையை நீட்டினேன். ஜெராக்ஸ் அக்கா போனில் பேசிக்கொண்டே, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே மூடியைத் திறந்து வைத்தார், பட்டனை அழுத்தினார். சூடாக வந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

மூன்றாவது பீரியடில் டீச்சர் ஒரிஜினலையும் காட்டச் சொன்னார். பையைக் கவிழ்த்தேன். நோட்டு, டப்பா, பழைய மிட்டாய்க் காகிதம் எல்லாம் விழுந்தன, அட்டை விழவில்லை. மிஷின் மூடிக்கு அடியில் அது கவிழ்ந்து கிடப்பது அப்படியே கண்ணில் தெரிந்தது. அட்டை தொலைந்ததைவிட, அம்மா சொன்ன கடைக்குப் போகாதது தெரிந்துவிடுமே என்றுதான் பயம். அதற்குமேல் அன்று என்ன பாடம் நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாலு மணிக்கு மூச்சிரைக்க ஓடினேன்.

“அட, ஒரிஜினல வுட்டுட்டு பூட்டியே பாப்பா!” என்றார் ஜெராக்ஸ் அக்கா. “எங்கக்கா வந்தாங்க, அவுங்க கைல குடுத்துட்டேன். பத்ரமா கீது, போ.” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்கோலைத் தேடினார். அது அவர் கையருகிலேயே கிடந்தது.

வீட்டு வாசலில் ஓனரம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையல்கட்டு வரைக்கும் வருகிறவர் அன்று படிக்குக் கீழே நின்றார். அட்டையைப் புத்தம்புது பிளாஸ்டிக் கவரில் போட்டு அம்மாவிடம் நீட்டினார். அம்மாவின் கையெல்லாம் மாவு. முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், வாங்கவே இல்லை. கடைசியில் நான்தான் வாங்கினேன். எவ்வளவு நல்ல மனுஷி, கவர் எல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறாரே என்று எனக்கு உயிர் திரும்பி வந்தது.

“முன்ரூம் விசயம் ஒண்ணு சொல்லணும்ங்க” என்றார் ஓனரம்மா. “என் தங்கச்சி புள்ள மொபைல் கடை வெக்கணும்ன்றான். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.”

எனக்கு ஒரே ஆச்சரியம். நேற்றுவரை ‘வாம்மா, போம்மா, நீ’ என்றுதான் அம்மாவிடம் பேசுவார். இன்றைக்கு ‘நீங்க’! அந்த அட்டையில் அரசாங்க முத்திரை இருக்கிறதல்லவா, அதைப் பார்த்ததும் எங்களுக்கு மரியாதை கூடிவிட்டது என்று நினைத்தேன். பெருமையாக அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“மாவு எடுத்துனு போங்க ஓனரம்மா” என்றாள் அம்மா, ரொம்பச் சின்னக் குரலில்.

“வேணாங்க. நேத்தயதே ஃப்ரிட்ஜ்ல கீது.”

இல்லை. காலையில்தான் அவர் பேத்தி வந்து மாவு தீர்ந்துவிட்டது, ஒரு கரண்டி இருந்தால் கொடுங்கள் என்று கிண்ணத்தில் வாங்கிப்போனாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. வாசலில் ஒரு தூக்கும் வரவில்லை. ஆறு மணிக்கு என் வகுப்புத் தோழி, எதிர் வீட்டுப் பெண், பால் வாங்கப் போகிற வழியில் நின்றாள். “உங்க மாவு இனிமே வாங்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிச்சு. சுத்தமில்லியாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் மேல் கோபம் வரவில்லை. அவள் சொன்னது நிஜம் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்! இரண்டு தண்ணியோடு நிறுத்தியவள் நான்.

ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் அம்மா ஏதோ தணிந்த குரலில் சொன்னாள். அவர் பேட்ஜைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் என்னைத் திட்டவில்லை. நாலு அடி போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்றைக்கும் ஆபீஸில் ஜெராக்ஸ் மிஷின் மூடியை இரண்டு முறை திறந்து பார்க்காமல் என்னால் நகர முடியாது. மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொள்ளட்டும். போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். முன்னறையில் கடை இருக்கிறது. மொபைல் கடை இல்லை, மாவுக்கடை. யாருடையதோ.

அட்டை திரும்பி வந்ததற்கு மறுநாள் காலையிலும் அம்மா வழக்கம்போல அரிசியை அளந்து வைத்தாள். ஏன் வைத்தாள், யாருக்காக வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. குழாயடியில் உட்கார்ந்து களைய ஆரம்பித்தேன். நாலு தண்ணி ஆயிற்று. ஐந்தாவது ஊற்றினேன். ஆறாவது, ஏழாவது. விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போனது. தண்ணீருக்கடியில் ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாகத் தெரிந்தது. அம்மா பின்னால் வந்து நின்றது தெரியாது. குனிந்து குழாயை மூடினாள்.

“போதும்டீ. அரிசில ஒண்ணும் இல்ல.”

“இல்லம்மா, நேத்து நான்தான் சரியா கழுவல” என்று அழுதேன். “இன்னும் ஒரே ஒரு தண்ணிம்மா. அப்புறம் எல்லாரும் வாங்குவாங்க.”